ஈட்டிப் படைக்கு இலக்கணம் எது?

பொம்மைச் சிப்பாய்களை மேசைமேல் நிறுத்திப் போர் நடத்துவோர், பகடை உருளும் முன்பே பகைத்துக்கொள்ளும் வினா ஒன்றுண்டு: எந்த விதிநூலைக் கொள்வது? 17ஆம் நூற்றாண்டின் ஈட்டி, மஸ்கட் துப்பாக்கிப் போர்களுக்கு நூல்கள் மலிந்தும் ஆடுவோர் அருகியும் காணப்படுவதால் இவ்வாய்வு வேண்டியதாயிற்று.

உரைகல்லாக, இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரில் மன்னரும் நாடாளுமன்றத்தாரும் மோதிய எட்ஜ்ஹில் போரை எடுத்தோம். நாள் 1642 அக்டோபர் 23. சார்லஸ் மன்னரின் குதிரைப்படைத் தலைவர் இளவரசர் ரூபர்ட், வலப்புறத்தில் பாய்ந்து நாடாளுமன்றத்தாரின் குதிரைகளைச் சிதறடித்தார். அத்தோடு நின்றிருக்கலாம். கைன்டன் ஊர்வரை துரத்திப்போன அவர் ஆட்கள் அங்கிருந்த மூட்டைமுடிச்சுகளில் கைவைத்துவிட்டார்கள். பின்னால் மன்னரின் காலாட்படை நொறுங்கிக்கொண்டிருந்தது. அரசக் கொடியும் பறிபோயிற்று. எனவே நம் கருதுகோள்: வென்ற குதிரைப்படை சொல்பேச்சுக் கேளாமல் ஓடிப்போக வழி வைக்காத நூல் நூலன்று.

பில் பார்க்கரும் ரிச்சர்ட் போட்லி ஸ்காட்டும் யாத்த டி.பி.ஆர். என்னும் விதிநூல் நூற்பா நடையினது. சொற்சுருக்கம் அப்படி. உரையாசிரியர் நச்சினார்க்கினியர் இருந்தால் எங்கோ கிடக்கும் சொல்லை எங்கோ மாட்டிப் பொருள் முடித்துத் தருவார். எங்களுக்கு அவர் வாய்க்கவில்லை. இரு படைகளின் மூலை மட்டும் முட்டினால் முட்டியதாகுமா என்பதிலேயே ஒரு மாலை போயிற்று.

அடுத்த நூலான ‘ஃபார் கிங் அண்ட் பார்லிமென்ட்’ கட்டம் போட்ட மேசையில் ஆடப்படுவது. அளவுநாடாவுக்கு வேலையில்லை. நாடாவைச் சற்றே தளர்த்திப் பிடித்து அரை அங்குலம் சம்பாதிக்கும் தொல்கலை இதனால் அழியும் என்க.

வார்லார்ட் கேம்ஸ் 2012இல் வெளியிட்ட ‘பைக் அண்ட் ஷாட்’டில் கட்டளையை முதலில் வாய்விட்டுச் சொல்லவேண்டும், பிறகே இரண்டு பகடை. தளபதியின் தரத்துக்கு மேல் விழுந்தால் படை அசையாது. இரண்டும் ஆறானால் குளறுபடி. “ரூபர்ட் உடனே திரும்பி வரணும்!” என்று நண்பர் முழங்கினார். ஆறு, ஆறு. குளறுபடிப் பட்டியல் ரூபர்ட்டை மேலும் முன்னால் அனுப்பிவைத்தது. கருதுகோள் நிறுவப்பட்டது, நண்பர் தேநீர் குடிக்க எழுந்துபோனார்.

ஒரு புறனடை. பெயரிலேயே விசுவாசத்தைச் சுமந்த சர் ஃபெய்த்ஃபுல் ஃபோர்டெஸ்க்யூ, எட்ஜ்ஹில்லில் போர் தொடங்கும் வேளையில் நாடாளுமன்றத்தாரை விட்டு மன்னர் பக்கம் தாவினார். அவர் ஆட்களில் சிலர் பழைய பக்கத்தின் ஆரஞ்சு நிறத் தோள்பட்டியைக் கழற்ற மறந்து, புதிய நண்பர்கள் கையாலேயே மாண்டார்கள். பொம்மைக்குப் பூசிய ஆரஞ்சு வண்ணத்தையோ கழற்றவே முடியாது. ஆகவே தாவிய படையை உடனே பெட்டியில் வைத்துவிடுவதென்று முடிவாயிற்று. அவர் படையை ஆட வந்தவர் இதை இன்னும் ஏற்கவில்லை.

தீர்ப்பு பைக் அண்ட் ஷாட்டுக்கே. ஆனால் எந்த நூலைக் கொண்டாலும் பெட்டிக்குள் பார்க்காமல் கையை விடாதீர்கள். 16 அடி ஈட்டி, 28 மி.மீ. பொம்மையின் கையில் ஏறக்குறைய 9 செ.மீ. எஃகுக் கம்பி. விரலில் நேராக இறங்கும்.