விரட்டிவிட்டுத்தான் சேப்பாங்களாம்

நோஃப் ஹகலீல், இஸ்ரேல்
வெள்ளிக்கிழமை மத்தியானம்

அன்புள்ள மைனிக்கு,

பொழுது சாயுறதுக்குள்ள எழுதி முடிக்கணும். அதுக்குப் பெறவு இந்த வீட்டுல பேனா எடுத்தா, நான் பாத்துக்கிடுற பாட்டி ஒரு பார்வை பாப்பா.

நான் யூத மதத்துக்கு மாறிட்டேண்ணு நம்ம ரதவீதியில பேச்சாம், அண்ணன் சாமியாடுனாராமே! மாறப் படிக்கது நானில்ல மைனி, எதிர்வீட்டு மிசோரம்காரி. நானே போய்க் கேட்டாலும் இங்க லேசுல சேக்க மாட்டாங்க. நம்ம மயிலாடிக்கு 1806-ல ரிங்கல்தௌபே பாதிரி கடல் தாண்டி, கிறிஸ்தவத்துல சேக்க ஆளைத் தேடி வந்தாருல்லா? இங்க நேர் எதிரு. யூத குருவுக்கு ரப்பிண்ணு பேரு. வந்தவங்களை, "இந்தப் பாடு உனக்கு எதுக்கு?"ண்ணு திருப்பி அனுப்பதுதான் பழைய முறை. அதுக்கும் அசையாதவங்களுக்குத்தான் பாடம்.

இந்த ஊருக்கு 2019 வரைக்கும் மேல்நாசரேத்துண்ணு பேரு. நம்ம திருச்செந்தூர்ப் பக்கத்து நாசரேத்து இல்ல, ஏசுநாதருக்க நாசரேத்தை ஒட்டுன ஊரு. இங்க மிசோரம், மணிப்பூர் ஆளுக நிறையக் குடியிருக்கு. காணாமப் போன இஸ்ரவேல் கோத்திரத்துல மனாசே வம்சம் நாங்கண்ணு சொல்லுகாங்க. மிசோரம் மலையில 1894-ல வெள்ளக்காரப் பாதிரிமாரு ஏறுன பெறவு கிறிஸ்தவம், இப்ப யூத மதம். 2005-ல தலைமை ரப்பி ஷ்லோமோ அமார், இவங்க இஸ்ரவேல் வித்துதாண்ணு ஒத்துக்கிட்டாரு. ஆனா முறைப்படி மாறித்தான் ஆகணும்ண்ணும் கூடவே சொல்லிட்டாரு.

பாடத்துல பாதி அடுக்களையிலதான் கிடக்கு. பாலுக்கு ஒரு பாத்திரம், இறச்சிக்கு வேற பாத்திரம். இறச்சி தின்னா மணிக்கணக்குல பால்சாயா கிடையாது. மீனுக்குச் செதிலும் துடுப்பும் வேணும். அயிலையும் சாளையும் பாஸ். றாலு, நண்டு, கணவாய் எல்லாம் பெயில். சுறாப்புட்டுக்கு வழியே இல்ல, அண்ணன்கிட்டச் சொல்லிருங்க. கீரையை வெளிச்சத்துல பிடிச்சுப் புழு பாக்கணும். மிசோக்காரி பன்னியிறச்சியை விட்டுட்டா, அதுதான் பெரிய தியாகம். நானும் தப்பல. பாட்டி ஐரோப்பா வழி வந்தவ, பஸ்கா பண்டிகை ஏழு நாளும் வீட்டுல அரிசியும் ஆகாது, உளுந்தும் ஆகாது. என் இட்லிமாவு நாடுகடத்தல்தான்.

சனிக்கிழமைக் கூத்தைக் கேளுங்க. வெள்ளி சாயந்திரம் தொடங்கி மறுநாள் நட்சத்திரம் தெரியுத வரைக்கும் சுவிச்சைத் தொடப்பிடாது. என்னைப் போடச் சொல்லவும் பிடாது. அதனால பாட்டி மோட்டைப் பாத்து, "ஐயோ, என்ன இருட்டு!"ண்ணு பெருமூச்சு விடுவா. நான் தற்செயலா அந்தப் பக்கம் போவேன். எதிர்வீட்டுக்காரி பாடு இன்னும் மோசம். மாறி முடியாதவங்க அந்த ஓய்வுநாளை முழுசா ஆசரிக்கப்பிடாதாம். அதனால சில ஆசிரியமாரு, வேணும்ண்ணே ஒரு சின்னத் தப்பு செய்யச் சொல்லுவாங்க. இவ ஒரு தடவை பல்பைப் போட்டுட்டு, மீதி நேரமெல்லாம் பயபக்தியா இருப்பா!

கடைசியில மூணு ரப்பிமாரு உக்காந்து விசாரிப்பாங்க. நம்ம தாணுமாலயன் கோயில்ல நம்பூதிரிமாரை விசாரிக்கக் கொதிக்க நெய்யில கைமுக்க வச்சதையும், சுவாதித் திருநாள் மகாராஜா அதை நிறுத்துனதையும் எதிர்வீட்டுக்காரிகிட்டச் சொன்னேன். "அது ஒரு நிமிசத்துல முடிஞ்சிருமே"ண்ணு கேக்கா! விசாரணை தேறுனா மிக்வேங்கிற குளத்துல முங்கணும். மோதிரம், நகப்பூச்சு, ஒண்ணும் உடம்புல இருக்கப்பிடாது. தெப்பக்குளத்துல முங்கி வளந்த நமக்கு அது லேசு. ஆம்பிளையளுக்கு வேற ஒரு சடங்கும் உண்டு, அதைக் கடுதாசியில எழுத முடியாது.

முங்கி எழுந்தவங்க ஆபிரகாமுக்க பிள்ளை. தாவீது ராசாவுக்க பூட்டி ரூத்தும் இப்படி வந்து சேந்தவதான். அதுக்குப் பெறவு, "முன்னால நீ யாரு?"ண்ணு குத்திக்காட்டுனா, காட்டுனவனுக்குத்தான் பாவம். அதனால மைனி, படிச்சு முடிச்சதும் இதைக் கிழிச்சுப் போடுங்க. மாறுனது நானில்லங்கதை மட்டும் ரதவீதியில நல்லாச் சத்தமாச் சொல்லிருங்க.

இப்படிக்கு,
உங்க நாத்தினா