வாங்கும் தம்பி, 29ஐயே வாங்கும்!

இரும் தம்பி, இரும். அந்தக் கதிரை வேண்டாம், அதுக்கு ஒரு கால் கட்டை. திண்ணையில இரும். பெடியனுக்கு மவுண்டன் சைக்கிள் எடுக்கப் போறீராம், அதுவும் 29 இஞ்சிச் சில்லாம் எண்டு சந்தியில கதை. நல்ல காரியம். வட்டுக்கோட்டையில நிண்டு பாத்தால் சுத்திவர மலைதானே! கனதூரம் போகவும் தேவையில்லை, கீரிமலை இருக்கு. போனால் கேணியும் கடலும்தான், எண்டாலும் பேரில மலை இருக்கெல்லே. மற்றப்படி அராலி தொட்டுப் பொன்னாலை மட்டும் சுண்ணாம்புக்கல்லுத் தரை. தேங்காயை வைச்சால் வைச்ச இடத்தில கிடக்கும்.

கோவிக்காதையும். மவுண்டன் சைக்கிளுக்கு எங்கட ஊரிலயும் வேலை இருக்கு. மாரி முடிஞ்ச கையோட ஒழுங்கையளைப் பாரும், கிடங்குகளுக்கு நடுவில கொஞ்சம் றோட்டும் கிடக்கும். காரைநகர்க் கசூரினாப் பக்கம் மணலுக்குள்ள விட்டால் மெல்லிய ரயர் புதைஞ்சு போம். தடிச்ச ரயர் கொஞ்சம் தாக்குப் பிடிக்கும். சோளகம் அடிக்கிற மாதத்தில கல்லுண்டாய் வெளியால பட்டினத்துக்குப் போய்ப் பாரும், மலை ஏறாமலே மலை ஏறின களை வரும். அப்ப கியர் உதவும். ஆகச் சைக்கிளில பிழையில்லை. சில்லிலதான் எனக்குக் கொஞ்சம் சந்தேகம்.

பெடியனுக்கு இப்ப பத்து வயசு. உயரம் நாலரை அடி வருமோ? அதுவும் தலைமயிரைச் சேத்து அளந்தால். அவனை 29 இல ஏத்தினால் நல்லாத்தான் இருக்கும். ஏறுறதுக்கு ஒரு மதில், இறங்கிறதுக்கு ஒரு மதில், நடுவில நிப்பாட்டுறதுக்கு எதிரில வாற ஆரேன் ஒருத்தர். நீர் ஒவ்வொரு சந்தியிலயும் ஒரு மதில் கட்டிவிட்டால் காணும். சீமெந்து விலையையும் சைக்கிள் விலையோட சேத்துப் பாரும்.

கடையில என்ன கேட்டனீர்? "என்ர பெடியனுக்கு எத்தினை இஞ்சிச் சில்லு சரி?" எண்டுதானே? அதுக்குக் கடைக்காரன் என்ன சொன்னவன்? "21 கியர், முன்னுக்குச் சொக், ரெண்டு பக்கமும் டிஸ்க் பிறேக், விலையும் பாத்துக் கழிக்கலாம்." வட்டுக்கோட்டைக்கு வழி கேட்டால் துட்டுக்கு எட்டுக் கொட்டைப்பாக்கு எண்டு ஊருலகமெல்லாம் எங்களைப் பழிக்குது. வெளியூரான் வழி கேட்டு அப்பிடி மறுமொழி வாங்கினால் பரவாயில்லை. ஊருக்குள்ள பிறந்து வளந்த நீருமோ பாக்கை வாங்கி மடியில கட்டிக்கொண்டு வாறது?

சரி, இஞ்சிக் கணக்குக்கு வருவம். என்ர கொட்டிலுக்குள்ள ஒரு பழைய றலி கிடக்கு, பாத்திருப்பீர். அதின்ர சில்லு 28. அந்த ரிம்மில ரயர் குந்துற இடத்தைக் குறுக்கால அளந்தால் 635 மில்லிமீற்றர். உம்மட 29 இருக்கே, அதின்ர ரிம் 622. 28 பெரிசு, 29 சின்னன்! யாழ்ப்பாணக் கல்லூரியில படிச்சனீர், உந்தக் கணக்கை எனக்கு ஒருக்கா விளங்கப்படுத்தும். தடிச்ச ரயரைப் பூட்டி வெளிவட்டத்தை அளந்தால் 29 முந்தும், அது மெய். ஆனால் பேரிலயிருக்கிற இலக்கத்தை நம்பி ரயர் வாங்கப் போனால் வெறுங்கையோட திரும்பி வருவீர். 26 எண்டாலும் அதே கூத்துத்தான். மவுண்டன் சைக்கிளின்ர 26 க்கு ரிம் 559. பழைய றோட்டுச் சைக்கிளில 26 எண்டு ஓடினது 590. ஒண்டின்ர ரயர் மற்றதுக்கு ஏறாது. நடுவில 27.5 எண்டு ஒண்டு வந்திருக்கு, அதுக்கு 584. பேரைக் கேட்டால் 26 க்கும் 29 க்கும் சரி நடு. அளந்து பாத்தால் 26 இன்ர பக்கத்து வீட்டுக்காரன். 24 க்கு 507, 20 க்கு 406. ரயரின்ர பக்கத்தில சின்ன எழுத்தில 57-559 எண்ட மாதிரிப் போட்டிருக்கும். முதலாவது தடிப்பு, பின்னாலை நிக்கிறதுதான் ரிம். அந்தப் பின் இலக்கம் பொய் சொல்லாது.

உந்த 26 ஐ ஆர் வைச்சது எண்டு நினைக்கிறீர்? ஏதோ பெரிய ஆராய்ச்சியில கண்டுபிடிச்சதெண்டோ? 1970களில அமெரிக்காவில கலிபோர்னியா மாநிலத்து மரின் எண்ட இடத்தில கொஞ்சப் பெடியள் பழைய சைக்கிளுகளைத் தூக்கிக்கொண்டு போய் மலையிலயிருந்து உருட்டிக்கொண்டு இறங்கினவங்கள். கைக்குக் கிடைச்ச அந்தப் பழசுகளில தடிச்ச ரயரும் 26 சில்லும் இருந்திது, அவ்வளவுதான். 1977 இல ஜோ பிறீஸ் எண்டவர் மலைக்கெண்டே புதுசாச் சைக்கிள் சட்டம் ஒட்டினபோதும் அந்த அளவையே வைச்சார். பிறகு முப்பது வருசமா உலகமெல்லாம் அதுதான் சட்டம். 1999 இல 29 க்கு எண்டு ஒரு தடிச்ச ரயர் வந்தாப்போலதான் பெரிய சில்லுக்காரர் தலை தூக்கினவை. பேந்து 27.5. மனிசற்றை காலை அளந்து ஆரும் உதுகளைச் செய்யேல்லை. அதாலதான் உம்மட பெடியன்ர காலை நீர் அளக்க வேண்டியிருக்கு.

பெரிய சில்லு கூடாதெண்டு நான் சொல்ல வரேல்லை. கிடங்கில இறங்கி ஏற அதுக்குத்தான் சுகம். ஒருக்கா ஓடத் தொடங்கினால் லேசில நிக்காது. சுவிஸில இருக்கிற உம்மட சித்தப்பாவின்ர பெடியளைக் கேளும், நினோ ஷூர்ட்டர் எண்டு ஒரு வீரன். உயரம் ஐஞ்சடி எட்டங்குலம். 2012 இல லண்டன் ஒலிம்பிக்கில 27.5 இல ஓடி வெள்ளி எடுத்தார். 29 இல வந்த செக் நாட்டுக்காரன் தங்கத்தைக் கொண்டு போட்டான். 2016 இல ரியோவில ஷூர்ட்டரும் 29 இல ஏறித் தங்கம் எடுத்தார். ஐஞ்சடி எட்டங்குலக்காரனே இதுவோ அதுவோ எண்டு வருசக்கணக்கா யோசிச்சிருக்கிறான். நீர் நாலரை அடிக்காரனுக்கு ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில முடிவெடுத்துப் போட்டீர். கெட்டிக்காரன்தான்.

கனடாவில இருக்கிற மச்சான் 29 ஓடுறான் எண்டு சொன்னீரே. அவன் ஆறடி. அவன்ர சப்பாத்துக்குள்ள உம்மட பெடியன் படுத்து நித்திரை கொள்ளுவான்.

சின்ன ஆளைப் பெரிய சில்லில ஏத்தினால் என்ன நடக்குமெண்டு கேளும். சில்லு உயர ஹாண்டிலும் உயரும். சீற்றை அடிமட்டத்துக்கு இறக்கினாலும் ஹாண்டில் நெஞ்சுக்கு நேரை நிக்கும். சின்னச் சட்டத்தில பெரிய சில்லைத் திணிச்சால் முன்சில்லு காலுக்குக் கிட்ட வந்திடும். மெதுவாப் போய் ஒழுங்கை முடக்கில திருப்பேக்க பெருவிரல் ரயரில முட்டும். சீற்றை விட்டெழும்பிப் பின்னுக்குச் சாஞ்சால் பின்ரயர் காற்சட்டையைத் தேய்க்கும். பாரமும் கூட, பெரிய சில்லை உருட்டி வேகம் எடுக்க வேணுமெண்டால் அதுக்குத் தொடையில பிட்டு இருக்க வேணும். உதுக்காகத்தான் ட்ரெக் மாதிரியான கொம்பனியள் ஒரே பேரில விக்கிற சைக்கிளிலயே ஆகச் சின்னச் சட்டத்துக்கு 27.5 உம் பெரிய சட்டத்துக்கு 29 உம் போடுகினம். செய்து விக்கிறவனுக்கே விளங்கின விசயம், வாங்கிறவனுக்குத்தான் ரோசம்.

"வளருற பிள்ளைதானே அண்ணை, பெரிசா எடுத்தால் நாளைக்கும் உதவும்" எண்டு சொல்லுவீர். தெரியும். தைப்பொங்கலுக்கு நீர் அவனுக்கு எடுத்த நீளக் காற்சட்டையைக் கண்டனான், ரெண்டு மடிப்பு மடிச்சுத் தைச்சிருந்தவ உம்மட மனுசி. துணி மடியும். சில்லை எந்த இடத்தில மடிக்கப் போறீர்? சைக்கிளில மடிப்பு இருக்கிற இடம் ஒண்டே ஒண்டு, சீற்றுக்குக் கீழ இருக்கிற கம்பி. பிள்ளை வளர வளர அதை உயர்த்தலாம். கம்பியில கோடு போட்டிருக்கும், அந்தக் கோடு வெளியில தெரியுற அளவுக்கு இழுக்கக்கூடாது. ஹாண்டிலைக் கொஞ்சம் முன்பின்னாக்கலாம். உதுக்குள்ளையே ரெண்டு வருசம் போம். அதுக்குப் பிறகு அவனுக்கு மீசை அரும்பும், அப்ப அவனே வந்து சைக்கிளும் கேட்பான், வேற என்னவும் கேட்பான்.

இன்னொரு நியாயமும் வைச்சிருப்பீர்: "நாங்கள் அப்புவின்ர 28 இல பாருக்குள்ளால காலை விட்டு ஓடிப் பழகினனாங்கள்தானே?" ஓம், பழகினனாங்கள். அது கெட்டித்தனமில்லை தம்பி, வீட்டில வேற சைக்கிள் இல்லை. தொண்ணூறுகளில சண்டை நேரம், பெற்றோலுக்குத் தடை, பற்றறிக்குத் தடை. கார் மண்ணெண்ணையில இருமிக்கொண்டு ஓடின காலம். சைக்கிளைக் கவிட்டு வைச்சு டைனமோவைச் சுத்தி றேடியோவில செய்தி கேட்டனாங்கள். 95 ஒக்ரோபர் முடிவில வலிகாமமே இடம்பெயர்ந்து நடந்தபோது அரிசி மூட்டையும் கிழவியும் கோழிக்கூடும் ஒரே கரியரில போனது. அப்ப சில்லு எத்தினை இஞ்சி எண்டு கேக்க ஆருக்கு நேரம்? இப்ப கடையில நாலு அளவு தொங்குது. தெரிவு இருக்கேக்க எதுக்குப் பெடியன் பாருக்குள்ளால பூர வேணும்?

பூரவும் ஏலாது, அதுதான் விசயம். பழைய றலியில பாருக்குக் கீழ பெரிய முக்கோணம். ஆறு வயசுக்காரன் காலை விட்டு மிதிக்கலாம். மவுண்டன் சைக்கிளில பார் சரிஞ்சு இறங்கி, அந்த முக்கோணம் சுருங்கிப் போச்சு. காலை விட்டால் கால் அங்கேயே நிக்கும், பெடியன் மட்டும் கீழ வருவான்.

அளக்கிறது பெரிய வித்தையில்லை. பெடியனைச் சுவரோட நிப்பாட்டும், போடுற சப்பாத்தோட. கவட்டுக்குள்ள ஒரு தடிச்ச புத்தகத்தை நெட்டையா வைச்சு மேல தள்ளும். புத்தகத்தின்ர மேல்விளிம்பில சுவரில பென்சிலால ஒரு கோடு. நிலத்திலயிருந்து அந்தக் கோடு மட்டும் உள்ள உயரந்தான் அவன்ர கால். கடையில சைக்கிளின்ர பார் உயரத்தை அளந்து பாரும். அவன் காலை விரிச்சு நிண்டால் பாருக்கு மேல ரெண்டங்குலம் எண்டாலும் வெளி இருக்க வேணும். பேந்து சீற்றில ஏத்தி, பெடல் ஆகக் கீழ நிக்கேக்க குதிக்காலை வைக்கச் சொல்லும். கால் நேரா நீண்டு குதிக்கால் தொட்டால் சீற்று உயரம் சரி. முழங்கால் மடிஞ்சு நிண்டால் உயர்த்தும், இடுப்பு சரிஞ்சால் இறக்கும். பழகிற நாளில கொஞ்சம் பதிச்சே விடும்.

கையையும் பாரும். உதைத்தான் ஒருத்தரும் பாக்கிறேல்லை. பிறேக் பிடிக்கு விரல் எட்டாட்டில் டிஸ்க் பிறேக் இருந்தென்ன, தங்கத்தில பிறேக் இருந்தென்ன? அநேகமான பிடியில ஒரு சின்ன ஆணி இருக்கும், அதைத் திருப்பினால் பிடி கிட்ட வரும். கடைக்காரனைக் கொண்டே திருப்புவியும். பாக்கு விக்கிறவனுக்கு அதாவது வேலை.

நாலரை அடிக்கு 24 சரியா நிக்கும். ஐஞ்சடிக்குக் கிட்ட வர 26 அல்லது சின்னச் சட்டத்து 27.5. 29 ஐப் பற்றி ஐஞ்சடி நாலைத் தாண்டினாப் பிறகு கதைப்பம், அதுவும் அவன் ஏறிப் பாத்து விருப்பப்பட்டால்.

உம்மட மனுசியும் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில போக நினைக்கிறா எண்டு கேள்வி. அவ ஐஞ்சடி காணாது, நீர் அவவுக்கும் 29 எடுத்துப் போடாதையும், ரீச்சர் பள்ளிக்கூடத்தில இறங்க ஏணி வைக்க வேண்டி வரும். பெம்பிளையள் பெரிய சைக்கிள் ஓடமாட்டினம் எண்டும் நினைக்காதையும். 90களின்ர தொடக்கத்தில தமிழ்நாட்டில புதுக்கோட்டைப் பக்கம் அறிவொளி இயக்கத்தோட ஆயிரக்கணக்கான பெம்பிளையள் சைக்கிள் பழகினவை. பெம்பிளையளின்ர சைக்கிள் தட்டுப்பாடாப் போக, ஆம்பிளையளின்ர சைக்கிளைப் பறிச்சு ஓடினவை. சிலபேர் அதையே விரும்பினவையாம், பாரில பிள்ளையை இருத்தலாமெண்டு. ஏலாமையில்லை, தம்பி. ஆனால் சேலையோட பாரைத் தாண்டி ஏறுற பாடு உமக்கில்லை, அவவுக்குத்தான். 26 இல பார் இறங்கின சட்டமாப் பாரும், அவவையும் கடைக்குக் கூட்டிக்கொண்டு போம். நீர் வெளியில நிண்டு ஒரு சோடா குடியும்.

எண்டபடியால் பெடியனுக்கு 24. மலிவாத் தேடாதையும், அலுமினியச் சட்டமா, நல்ல ரிம்மா எடும். பாரம் குறைஞ்சால் அவனுக்குச் சுகம். இரவில வெளியில விடாதையும், எங்கட உப்புக் காத்துக்குச் செயின் ஒரு மாரியில கறள் பிடிச்சிடும். கிழமைக்கு ஒருக்கா எண்ணெய் விடச் சொல்லும். கீறல் விழாமல் ஓடச் சொல்லும், முக்கியமாப் பச்சை நிறமெண்டால். ஏனெண்டு கேட்கிறீரோ? அராலியில இருக்கிற என்ர மகளின்ர பெட்டைக்கு இப்ப எட்டு வயசு. இன்னும் ரெண்டு வருசத்தில உம்மட பெடியனுக்கு 24 காணாமல் வரும், அவளுக்குச் சரியா வரும். பச்சைதான் வேணுமாம் அவளுக்கு. விலையை இப்பவே பேசி வைப்பம், பாதிக்கு மேல கேக்கக்கூடாது, சொல்லிப் போட்டன்.