தொகையறாவில் தொங்கிய கால்

தமிழ் சினிமாப் பாட்டுக்கு உடற்பயிற்சி செய்வதில் முதல் சிக்கல் தொகையறா. பாடகர் தாளம் இல்லாமல் ராகத்தை இழுத்து, மூச்சு வாங்கி, மறுபடி இழுத்து, ஒருவழியாகப் பல்லவிக்கு வந்து சேர வேண்டும். அதுவரைக்கும், நாற்காலியில் உட்கார்ந்து வலது காலை நீட்டித் தூக்கியவர் அதை எப்போது இறக்குவது என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருப்பார். எழுபது வயதில் அந்தரத்தில் கால் தொங்க ஒரு விரகதாபத்தைக் கேட்டு முடிப்பது சாதாரண காரியமில்லை.

நான் பிசியோதெரபிஸ்ட். புனே கேம்ப்பில் ஈஸ்ட் ஸ்ட்ரீட்டை ஒட்டிய ஒரு சந்தில் கிளினிக். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் தமிழ்ப் பெரியவர்கள். மகனுக்கோ மகளுக்கோ கராடியில், மகர்பட்டாவில் கம்ப்யூட்டர் வேலை; இவர்கள் பேரனைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து வந்து, வந்த இடத்தில் மூட்டைத் தேய்த்துக்கொண்டவர்கள். மராத்தி வராது; இந்தி கொத்தமல்லி கொசுறு கேட்கும் அளவுக்கு வரும். வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகளைத் தாளில் எழுதிக் கொடுத்தால், அது மாதக் காலண்டருக்குப் பின்னால் போய் நிரந்தர ஓய்வு எடுத்துக்கொள்ளும். ஆகவே தமிழில் வீடியோ எடுப்பது என்று முடிவு செய்தேன். படப்பிடிப்பு சுலபமாக முடிந்துவிட்டது. பின்னணிக்கு என்ன பாட்டு என்பதுதான் ஒரு மழைக்காலம் முழுவதையும் விழுங்கியது.

இந்தக் கேள்வியைத் தமிழ்க் குடும்பத்தில் வாய்விட்டுக் கேட்கக் கூடாது. வேறு எந்த விஷயத்திலும் கருத்தே சொல்லாத என் கணவர், எண்பதுகளின் இளையராஜாவைத் தவிர வேறு எதைப் போட்டாலும் வீட்டைவிட்டுப் போய்விடுவதாகச் சொன்னார். மகன், "அனிருத் போடும்மா, பெருசுங்க தெறிக்க விடுவாங்க" என்றான். தெறிக்கக் கூடாது என்பதற்காகத்தானே அவர்கள் என்னிடம் வருகிறார்கள்?

மாமியாருக்கு யோசனையே தேவைப்படவில்லை. "எதுக்கும்மா வெளிய தேடுற? சுப்ரபாதத்தைப் போடு. காலைல எல்லார் வீட்லயும் எப்படியும் ஓடத்தானே செய்யுது" என்றார்.

"அத்தை, அதுக்கு யாரும் கையைக் காலை ஆட்ட மாட்டாங்க."

"நீ போட்டுப் பாரு, அப்புறம் பேசு."

போட்டுப் பார்த்தேன். கிளினிக்கில் இருந்த நாலு பேரும் கையைக் கூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஒரு பெரியவர் செருப்பையும் கழற்றினார். பிரதிவாதி பயங்கரம் அண்ணன் 15-ஆம் நூற்றாண்டில் அதைப் பெருமாளை எழுப்பத்தான் பாடினார். மூட்டுவலிக்காரரை நாற்காலியிலிருந்து எழுப்புவது அவருடைய பொறுப்பில் வரவில்லை.

அடுத்தது கணவர் கட்சி. ராஜாவின் பாட்டில் குறை சொல்ல நான் யார்? குறை கேட்பவர்களிடம் இருக்கிறது: அவர்கள் கேட்டுவிடுகிறார்கள். முதல் இடையிசையில் வயலின்கள் நுழையும்போது ஓர் அம்மா முழங்காலை மடக்குவதை நிறுத்திவிட்டு, "இந்த இடம் வரும் பாருங்க" என்று விரலை உயர்த்தினார். விரலுக்கு நல்ல பயிற்சி. சரணம் வந்ததும் எல்லோரும் கூடவே பாடினார்கள். மிதமான உடற்பயிற்சிக்கு டாக்டர்கள் வைத்திருக்கும் எளிய அளவுகோல் ஒன்று உண்டு: செய்யும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. இவர்கள் சங்கதி பிசகாமல் பாடினார்கள். அப்படியென்றால் பயிற்சி எந்த லட்சணத்தில் நடந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

மகன் சொன்னதற்கு அறிவியல் ஆதரவு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். லண்டன் புரூனல் பல்கலைக்கழகத்தில் காஸ்டாஸ் காரகியோர்கிஸ் என்பவர் பல வருடங்களாக இதையே ஆராய்கிறார். வேகமாகச் செய்யும் பயிற்சிகளுக்கு நிமிடத்துக்கு 120-லிருந்து 140 தட்டு வரை உள்ள இசை பொருந்தும் என்பது அவர் சொல்வது. இசை இருந்தால் பட்ட பாடு பாடாகத் தெரியாது. ஆனால் உச்ச வேகத்தில் மூச்சு முட்டும்போது எந்தப் பாட்டாலும் அந்தச் சிரமத்தை மறைக்க முடியாது என்பதும் அந்த ஆராய்ச்சிகளில் உண்டு. எல்லாம் ஓடுகிறவர்களுக்குச் சரி. மூட்டு மாற்று அறுவை முடிந்தவர் நாற்காலியிலிருந்து இரண்டு எண்ணுவதற்குள் எழுந்து, நாலு எண்ணி மெதுவாக உட்கார வேண்டும். அந்த உட்காருவதில்தான் தொடைத் தசைக்கு வேலையே இருக்கிறது. குத்துப்பாட்டுக்கு யார் நாலு எண்ணி உட்காருவார்கள்? தொப்பென்று விழுந்தார்கள். நாற்காலி தாங்கியது பெரிய விஷயம்.

சரி, பிடித்த பாட்டைப் போட்டால்தான் வம்பு என்றால், போட உரிமை இருக்கிற பாட்டாவது கிடைக்குமா? அங்கே இன்னொரு கூத்து. யூடியூப் 2007-இலேயே கன்டென்ட் ஐடி என்ற காவல்காரனை வாசலில் நிறுத்திவிட்டது. ஒரு ஸ்வரம் எங்கிருந்து வந்தது என்று நம் ஊர் சங்கீத விமர்சகர்களைவிட வேகமாகக் கண்டுபிடித்துவிடும். பிறகு வீடியோ ஊமையாகும், அல்லது விளம்பர வருமானம் இசைக் கம்பெனிக்குப் போகும். அமெரிக்காவில் பெலடான் என்ற உடற்பயிற்சி சைக்கிள் கம்பெனி, தன் வீடியோக்களில் அனுமதி வாங்காமல் பாட்டு சேர்த்தது என்று 2019-இல் இசைப் பதிப்பாளர்கள் 15 கோடி டாலருக்கு மேல் கேட்டு வழக்குப் போட்டார்கள். மறு வருடம் சமரசம் ஆனது. என் கிளினிக்கின் மொத்தச் சொத்து ஒரு கட்டில், வலிக்கு வைக்கும் ஓர் ஐஎஃப்டி மெஷின், நாலு நாற்காலி.

பழைய பாட்டு போடலாமே என்பீர்கள். நம் நாட்டுச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு வெளியானதிலிருந்து 60 வருடம். பாட்டை எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் அவர்கள் மறைவுக்குப் பிறகு 60 வருடம். பாபநாசம் சிவன் மறைந்தது 1973-இல்; 2033 முடியும்வரை அவர் பாட்டுக்கு உரிமைக்காரர்கள் உண்டு. தியாகராஜர் மறைந்தது 1847-இல், அவரை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அவர் கிருதியை யாராவது புதிதாகப் பாடியிருந்தால் அந்தப் பதிவு பாடவைத்த கம்பெனிக்கு.

இந்த ஆராய்ச்சியில்தான் எனக்கு முத்துஸ்வாமி தீட்சிதர் கைகொடுத்தார். அவருடைய நொட்டுஸ்வரங்கள் ஞாபகம் இருக்கிறதா? சென்னைக் கோட்டையில் வெள்ளைக்காரப் பட்டாளத்தின் பேண்ட் வாசித்த மெட்டுகளைக் கேட்டு, சங்கராபரணத்தில் சம்ஸ்கிருத வரிகள் போட்டுச் சுமார் 40 உருப்படிகள் செய்துவைத்தார். அவற்றில் ஒன்றின் மெட்டு இங்கிலாந்து ராஜாவின் வாழ்த்துப்பாட்டு! தெளிவான தாளம், தொகையறா கிடையாது, உரிமை கேட்க ஆளில்லை. நானே கீபோர்டில் வாசித்துக்கொள்ளலாம். போதாக்குறைக்கு நான் இருப்பது பட்டாள ஊர்: தெற்குப் பிராந்தியத் தலைமையகம் இங்கேதான்.

அந்தப் பட்டாளமே வில்லங்கமாக முடிந்தது. வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் பயிற்சி பெற்ற ஒரு ரிட்டயர்டு சுபேதார் என்னிடம் வருகிறார். வாக்கரைப் பிடித்து மெதுவாக நடந்துகொண்டிருந்தவர், கீபோர்டில் மெட்டு தொடங்கியதும் முதுகை நிமிர்த்தினார், முகவாயை உயர்த்தினார், வாக்கரை ஓரமாகத் தள்ளிவிட்டு நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி ஓங்கி வைக்க ஆரம்பித்தார். குயிக் மார்ச் என்றால் நிமிடத்துக்கு 120 அடி. புது முழங்கால் பொருத்தி ஆறு வாரம்கூட ஆகவில்லை. நான் கீபோர்டின் ஒயரைப் பிடுங்கிய வேகம் அனிருத்துக்கே வராது.

இந்த ஊரில் இசையே இல்லாமல் ஒருவர் உலகத்தையே வளைத்துக் காட்டியிருக்கிறார் என்பதும் அப்போதுதான் உறைத்தது. பி.கே.எஸ். ஐயங்கார் 1937-இல் புனேக்கு வந்து, 2014-இல் மறையும்வரை இங்கேயே யோகா சொல்லிக்கொடுத்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் அவர் 1975-இல் தொடங்கிய நிலையம் இப்போதும் இருக்கிறது. அவர் வகுப்பில் புல்லாங்குழலும் கிடையாது, ஓடைச் சலசலப்பும் கிடையாது; அவருடைய அதட்டல் மட்டும்தான். அந்த அதட்டலுக்குக் கட்டுப்பட்டு உடம்பை முறுக்கியவர்களில் ஒருவர் வயலின் மேதை யெஹுதி மெனுஹின். உலகத்தின் தலைசிறந்த சங்கீதக்காரர் ஒருவரே பின்னணி இசை கேட்காமல் பயிற்சி செய்திருக்கிறார். என் மாமியார் கேட்கிறார்.

ஜப்பான்காரர்கள் இந்தப் பின்னணி இசைச் சிக்கலை 1928-இலேயே தீர்த்துவிட்டார்கள். வானொலியில் காலை உடற்பயிற்சி: ஒரு பியானோ, எண்ணிக்கை சொல்ல ஒரு குரல், அவ்வளவுதான். தொடங்கிவைத்தது தபால் துறையின் ஆயுள் காப்பீட்டுப் பிரிவு. ஆள் இருந்தால்தானே பிரீமியம்? நம்மிடமும் இல்லாமலில்லை. ஏற்றம் இறைத்தவர்கள் சால் ஒன்றுக்கு ஒரு வரியாக எண்ணைக் கோத்துப் பாடினார்கள். வேலையும் நடந்தது, கணக்கும் தப்பவில்லை. மலை ஏற வேண்டுமென்றால் காவடிச் சிந்து. உடம்புக்கு வேண்டியது பாட்டில் ஒளிந்திருக்கும் எண்ணிக்கைதான், மற்றதெல்லாம் காதுக்கு.

ஆகவே பக்கத்துக் கட்டடத்தில் மிருதங்கம் கற்றுக்கொள்ளும் பையனைப் பிடித்து, நிமிடத்துக்கு 60 தட்டு, ஆதி தாளம், தனி ஆவர்த்தனம் கூடவே கூடாது என்று நிபந்தனை போட்டு உட்காரவைத்தேன். எண்ணிக்கை சொல்ல அத்தை. மாதிரிக்கு ஒரு வரி: "மூணு... நாலு... முதுகை வளைக்காத, அஞ்சு... யாரது பேசறது, ஆறு..." பதிவின் பின்னணியில் பிள்ளையார் சதுர்த்திக்குத் தயாராகும் டோல்-தாஷா கோஷ்டி எங்கோ அதிர்ந்துகொண்டிருக்கிறது, அதை எந்த மென்பொருளாலும் எடுக்க முடியவில்லை. அத்தை திட்டுவதற்குப் பயந்து எல்லோரும் நாலு எண்ணித்தான் உட்காருகிறார்கள். சுபேதார்கூட.

வீட்டில் நீங்களாகப் பாட்டு வைத்துச் செய்வதானால் தாராளமாகச் செய்யுங்கள், ராஜாவோ ரஹ்மானோ உங்கள் இஷ்டம். முதலில் பாட்டை ஒருமுறை சும்மா உட்கார்ந்து கேட்டுவிடுங்கள். தொகையறா இருந்தால், அது முடிகிறவரைக்கும் இரண்டு காலும் தரையிலேயே இருக்கட்டும்.