பேராண்டி வாங்கின பேஸு

உக்காருடா பேராண்டி. கிட்டார கட்டில் மேல படுக்க வை. சுவத்துல சாத்தாத. வழுக்கி விழுந்து கழுத்து ஒடிஞ்சுதுன்னா அது அப்பறம் உங்க ஆயாவுக்கு அடுப்பெரிக்கத்தான் ஆவும்.

நீ வாங்கின சேதி எனக்கு முன்னாடியே வந்துடுச்சு. கச்சிராயபாளையத்துல நீள அட்டப் பொட்டியோட நீ பஸ் ஏறினதப் பாத்தவங்க, போர் மோட்டாருக்கு பைப்பு வாங்கிட்டு வரான், புள்ளைக்குப் பொறுப்பு வந்துடுச்சுன்னு சொல்லிட்டுப் போனாங்க. நானும் சாயங்காலம் வரைக்கும் பெருமையா இருந்தேன். பிரிச்சா பைப்பு இல்ல, பேஸ் கிட்டாரு. போவட்டும். பைப்புக்குத் தண்ணி வரணும், இதுக்குக் கரண்ட் வரணும். நம்ம மலையில ரெண்டுக்கும் உத்தரவாதம் கெடையாது.

உங்க ஆயா ஒரு கேள்விதான் கேட்டா. ஆறு தந்தி கிட்டாரு இருக்கறப்ப நாலு தந்திக்கு எதுக்குடா கூடக் காசுன்னு. ஞாயம்தானே? தியாகதுருகம் சந்தையில காலு கொறஞ்ச ஆட்டுக்கு எவன் கூடக் குடுப்பான்? ஆனா நான் உன் பக்கம் பேசினேன். வீணைக்கு மட்டும் என்ன வாழுதாம்? வாசிக்கறதுக்கு நாலு தந்தி, பக்கத்துல தாளத்துக்கு மூணு. அதுக்கு 24 மெட்டு, மெழுகுல பதிச்சிருப்பாங்க. ஒன்னுதுக்கு 20, மரத்துலயே அடிச்சு எறக்கியிருக்கு. வீணைக்கு யாளி மொகம் உண்டு. ஒன்னுதுக்கு நாலு காது மட்டும் நீட்டிக்கிட்டு இருக்குது. அது கொறையாப் பட்டா கள்ளக்குறிச்சிக்குத் தூக்கிட்டுப் போ. நம்மூரு மரச்சிற்பத்துக்கு 2021-ல புவிசார் குறியீடு குடுத்திருக்காங்க, யாளி என்ன, பெருமாளையே செதுக்கித் தருவாங்க. ஆனா இப்பவே அது நாலு கிலோ இருக்குது. கைய எடுத்தா தலப்பக்கம் தானாத் தாழுது. அதுல பெருமாளும் ஏறினா நீ குப்புறத்தான் கெடப்ப. மொதல்ல அகலமா ஒரு தோள்வாரு வாங்கு.

வெரல் வைக்கற பலகை கறுப்பா இருக்கே, பொட்டி மேல ‘இந்தியன் லாரல்’னு போட்டிருக்குன்னு படிச்சுக் காட்டினியே. அது நம்ம கருமருதுடா. முன்னெல்லாம் ஈட்டி மரம் போடுவாங்க. 2017-ல உலக நாடுங்கல்லாம் சேந்து ஈட்டி வகை மரத்து ஏவாரத்துக்குக் கெடுபிடி போட்டதும், வெல கம்மி கிட்டாருங்கள்ல பல கம்பெனி கருமருதுக்கு எறங்கிடுச்சு. நம்ம காட்டுல நிக்கற மரம், பேர இங்கிலீஷுல மாத்திக்கிட்டு வந்து நம்மகிட்டயே வெல பேசுது. வெளிநாடு போயிட்டு வர்ற நம்ம பசங்களும் அதத்தான் பண்றாங்க, மரத்த மட்டும் சொல்லிக் குத்தமில்ல.

ராத்திரி நீ வாசிச்சு போன்ல அனுப்பினியே, கேட்டேன். டிக்கு டிக்குனு வெரல் பட்ட சத்தம் வந்துச்சு. பாட்டு எப்ப ஆரம்பிக்கும்னு காத்துக்கிட்டு இருந்தேன், முடிஞ்சுடுச்சு. எந்தப் பொண்ணுக்காவது அதையே அனுப்பியிருந்தீன்னா பல்லி கத்துதுன்னு நெனச்சிருக்கும். உன் வாசிப்புக் கோளாறு இல்லடா அது. அதாவது, அது மட்டும் இல்ல. கனத்த தந்திய வெறுமனே மீட்டினா நொடிக்கு 41 அதிர்வு. போன்ல இருக்கற பொட்டு ஸ்பீக்கரு அத்தன கீழ எறங்காது.

எனக்கு எப்படித் தெரியும்னு பாக்கறியா? உங்க அப்பனக் கேளு. சின்னசேலத்துலேர்ந்து வெள்ளிமலை வரைக்கும், சித்திரையில கூவாகம் வரைக்கும், ரேடியோ செட்டுன்னா நம்மளுதுதான். புளியமரத்து உச்சியில கூம்பு ஸ்பீக்கரு, கீழ அகுஜா ஆம்ப்ளிஃபயரு, பக்கத்துல ரெக்கார்டு பிளேயரு. 1976-ல அன்னக்கிளி படம் வந்தப்ப அந்த ரெக்கார்டு தேஞ்சே போச்சு. 1978-ல பிரியா படத்துப் பாட்டெல்லாம் ஸ்டீரியோன்னாங்க. நானும் கெழக்கால ஒரு கூம்பு, மேற்கால ஒரு கூம்பு கட்டி விட்டேன். ரெண்டுலயும் ஒரே சத்தம்தான். ஆனா ஊரு ஸ்டீரியோன்னு நம்புச்சு, நான் வாடகையக் கூட்டிட்டேன்.

இப்பக் கவனமாக் கேளு. கூம்பு ஸ்பீக்கரு 300 அதிர்வுக்குக் கீழ ஒழுங்கா எதையும் விடாது. மனுசக் கொரலு மூணு ஊரு தள்ளிக் கேக்கணும்னு செஞ்ச சாமான் அது, அடிச் சத்தம் கனக்கறதுக்கு செஞ்சதில்ல. மெட்ராஸுல இளையராஜா ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியா நோட்டு எழுதிக் குடுப்பாரு, பேஸுக்கும் சேத்துத்தான். சசிதரன்னு ஒருத்தரு அத வாசிப்பாரு. அவரு அங்க ஸ்டுடியோவுல உக்காந்து உருட்டி உருட்டி வாசிச்சதுல முக்கால்வாசி நம்ம மலை ஏறவே இல்ல. புளியமரத்து உச்சியிலேயே நின்னுபோச்சு. அடியே இல்லாத பாட்டக் கேட்டுத்தான் நாங்க கல்யாணம் பண்ணோம், புள்ளையத் தாலாட்டினோம்.

அப்பறம் எப்பவோ பொட்டி ஸ்பீக்கரு வாங்கினேன். மாரியம்மன் கோயில் வாசல்ல வச்சு, ஊருக்கே மனப்பாடமான பாட்டா ஒண்ணு போட்டேன். போட்டா, பாடறவருக்குக் கீழ இன்னொருத்தன் தனியா வேற ஒரு பாட்டு பாடிக்கிட்டுப் போறான். மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, ரெண்டும் ஒண்ணோடொண்ணு முட்டிக்கல. பூசாரி வந்து, ‘இது என்னய்யா, புதுசா சேத்து ரெக்கார்டு பண்ணியிருக்காங்களா?’ன்னாரு. இல்ல சாமி, மொதல்லேர்ந்தே இருந்துச்சு, நம்மகிட்டதான் காது இல்லன்னேன். அன்னிக்கு ராத்திரி பூரா இருக்கற ரெக்கார்ட எல்லாம் திருப்பித் திருப்பிப் போட்டேன். திருவிழாக் கமிட்டிக்காரங்க அம்மனுக்குப் பாட்டுப் போடுய்யான்னு திட்டினாங்க.

இதுல ஒரு வேடிக்க இருக்கு. கூம்பு காலத்துலயும் அடி சுத்தமாக் காணாமப் போயிடல. தந்தி 41-னு அதிர்ந்தா கூடவே 82, 123, 164-னு மேல அடுக்கிக்கிட்டே போவும். மேல இருக்கறது ஸ்பீக்கருல கொஞ்சம் கசிஞ்சா, அத வச்சுக் காது கீழ இருக்கறத தானே ஊகிச்சுக்கும். வராத விருந்தாளிக்கு எல போடற வேல. அதனாலதான் சொல்றேன், பேஸுக்காரன நேர்ல எவனும் கேக்க மாட்டான், உத்தேசமாத்தான் கேப்பான். நாலு பேரு திரும்பிப் பாக்கணும்னு நீ இத வாங்கியிருந்தா, கடைக்காரனுக்கு நல்ல காலம்.

இத மொதல்ல நெறைய செஞ்சு வித்தவரு பேர நேத்து பீத்திக்கிட்டே, லியோ ஃபெண்டரு. அவரு யாரு தெரியுமா? அமெரிக்காவுல ஃபுல்லர்டன்ங்கற ஊர்ல ரேடியோ ரிப்பேர் கட வச்சிருந்தவரு. மைக் செட்டு கட்டி வாடகைக்கு விட்டவரு. கடைசி வரைக்கும் கிட்டாரு வாசிக்கத் தெரியாது. அச்சு அசலா நம்ம தொழில்காரரு. அவரு காலத்துல பேஸுன்னா ஆளு ஒசர வாத்தியம், நின்னுக்கிட்டு வாசிக்கணும், காரு மேல கட்டித்தான் கொண்டு போவணும். அவ்வளவு பாடுபட்டு மேடையேத்தினா டிரம்ஸு சத்தத்துல ஒண்ணும் கேக்காது. சியாட்டில்ல பால் டட்மார்க்குனு ஒருத்தரு 1930-கள்லயே கரண்டுல ஓடற மாதிரி செஞ்சு பாத்தாரு, ஏவாரம் ஓடல. ஃபெண்டரு 1951-ல படுக்கப் போட்டு, மெட்டு வச்சு, கரண்டு குடுத்து எறக்கினாரு, ஓடிடுச்சு. மெட்டு வச்சதால சுரம் பெசகாதுன்னு அதுக்கு ‘பிரிசிஷன்’னு பேரு. பெசகறதுக்கு நீ வேற வழி கண்டுபுடிப்ப, அது எனக்குத் தெரியும்.

வெரல்ல கொப்புளமா? காட்டு. ஆமா. தந்தி ஓடற நீளம் மட்டும் 34 இஞ்சு, கிட்டாருக்கு 25 சொச்சம்தான். தந்தியும் மொத்தம். களவெட்டு புடிச்ச கைன்னா தாங்கும், ஒன்னுது கீபோர்டு தட்டின கை. கொப்புளத்த உடைக்காத, அதுவே காச்சுப் போவும். டெட்ராய்ட்டுல ஜேம்ஸ் ஜேமர்சன்னு ஒரு மனுசன், மோட்டவுன் கம்பெனிக்கு வாசிச்சவரு. சோத்துக் கையில ஒத்த வெரல வச்சே உலகத்த ஆட்டி வச்சாரு. அவரு பேர ரெக்கார்டு அட்டையில போடவே 1971 ஆயிடுச்சு. தந்தி அறுந்தாலொழிய மாத்த மாட்டாராம். அந்த ஒரு விசயத்துல நீ அவர அப்படியே பின்பத்திடுவ, தலகாணி உறையப் பாத்தாலே தெரியுது.

அடுத்தது ஆம்ப்பு. பக்கத்து வீட்டுப் பையன்கிட்ட எரவல் வாங்கின குட்டி கிட்டார் ஆம்ப்புல சத்தத்தக் கூட்டாத, கோனு கிழிஞ்சுடும். கீழ்ச் சத்தத்துக்குக் காத்த நெறையத் தள்ளணும், அதுக்குப் பெரிய ஸ்பீக்கரு, கூட வாட்ஸு வேணும். அப்பறம் உன் ரூமு. அந்த 41 அதிர்வுக்கு ஒரு அலையே 27 அடி நீளம். உன் ரூமு பத்தடி. அதனாலதான் மூலையில நின்னா நெஞ்ச இடிக்குது, நடுவுல வந்தா காணாமப் போவுது. ஆம்ப்பு கோளாறுன்னு அந்தப் பையன்கிட்ட சண்டைக்குப் போயிடாத, கட்டில நகத்து. உங்க ஆயா அடுக்கி வச்ச எவர்சில்வரு தூக்குல ஒண்ணு மட்டும் ஜிர்ருங்குதே, கவனிச்சியா? எல்லா சுரத்துக்கும் இல்ல, ஒரே ஒரு சுரத்துக்குத்தான். அது அந்தத் தூக்கோட சொந்த சுரம். அந்த எடம் வர்றப்ப மெதுவா வாசி, இல்லன்னா தூக்குல இருக்கற முறுக்கு ஒனக்குக் கெடையாது.

ராத்திரி பத்து மணிக்கு மேல ஹெட்போன் போட்டுக்கோ. பத்துலேர்ந்து காலையில ஆறு வரைக்கும் ஒலிபெருக்கி கூடாதுன்னு 2000-லயே சட்டம் போட்டு என் பொழப்புல கை வச்சாங்க, ஒன்ன மட்டும் விடுவாங்களா? ரொம்பக் கை அரிச்சா மரவள்ளிக் காட்டுக்குப் போ. பன்னி வெரட்ட ஆளில்லாமத் தவிக்கறாங்க. நல்லா வாசிச்சா பன்னி ஓடும், மோசமா வாசிச்சா இன்னும் சீக்கிரம் ஓடும்.

மழைக்காலத்துல மலையில ஒரு ஈரம், கீழ கோடையில ஒரு காய்ச்சல். மரம் வளையும், நிமிரும். தந்தி மெட்டுல ஒரசி ஜர்ருன்னா கழுத்துக்குள்ள ஒரு கம்பி போவுது, அதக் கால் திருப்பு திருப்பினா சரியாவும். கால் திருப்புன்னா கால் திருப்புதான். ஒனக்கு எதையும் முழுசாத் திருப்பித்தான் பழக்கம்.

எங்க கத்துக்கறதுன்னு கேட்டியே. போன்ல மோகினி டேன்னு பம்பாய்ப் பொண்ணு வாசிக்கறதக் காட்டின. அம்மாடி! ரகுமான் மேடையில அது கைய வச்சா எல்லாக் கண்ணும் அங்கதான். அதுக்காக நீ மொத மாசமே தந்திய அறையாத. அதே ரகுமானுக்குப் பல வருஷமா வாசிச்ச கீத் பீட்டர்ஸையும் கேளு. பாட்டுக்குக் கீழ மனுசன் ஆர்ப்பாட்டமே இல்லாம நடந்து போவாரு. இல்லியா, கள்ளக்குறிச்சி - சேலம் தனியார் பஸ்ஸுல ஏறு. கடைசி சீட்டுக்கு அடியில பொட்டி வச்சிருப்பான். ஆத்தூர் வர்றதுக்குள்ள பேஸு என்னான்னு இடுப்பெலும்பு சொல்லிடும். டிக்கெட்டு காசுதான், வாத்தியார் சம்பளம் மிச்சம்.

அதுக்கும் மேல வேணும்னா கூத்து நடக்கறப்ப மிருதங்கக்காரரு எடது பக்கமா உக்காரு. அந்தப் பக்கத்துக்கு ரவையக் கொழச்சு அப்பறாரே, அடி கனக்கறதுக்குத்தான் அது. அவரு அங்க கைய எறக்கற எடத்துல நீ தந்திய எறக்கு, மத்த நேரத்துல கைய மடியில வை. விடிய விடிய நடக்கும், உன் முறை கொஞ்சந்தான் வரும். தூங்கிடாத. கட்டியங்காரன் ஒன்ன வச்சே நாலு வசனம் பேசிடுவான்.

சரி, ஆம்ப்பு வாங்கப் போறப்ப என்னையும் கூட்டிக்கிட்டுப் போ. தட்டிப் பாத்தே கோனு நல்லதா சொத்தையான்னு சொல்லிடுவேன். வயர நீ சுத்தாத, முறுக்கேத்தி வீணாக்கிடுவ, நான் சுத்தறேன். மொத கச்சேரி எதுவானாலும் செட்டு நம்மளுது. பேசற காசுல கால் பங்கு சவுண்டு சர்வீஸுக்கு. சாப்பாடு தனி.