இடஞ்சுழி இலக்கணம்

இந்நூல் என்ன நுதலிற்றோ எனின், அமெரிக்கச் சிற்றூர்களில் சனிக்கிழமை இரவுதோறும் இடப்பக்கமாகவே திரும்பி ஓடும் கார்ப் பந்தயத் தடங்களின் பிறப்பு, வகை, உணவு, பகை, சாவு ஆகியவற்றை உரைத்தல் நுதலிற்று. ஓவல் எனப்படும் அத்தடம் மைலில் ஐந்தில் ஒரு பங்கு முதல் இரண்டரை மைலுக்குச் சற்று மேல் வரை நீளும். ஒரு மைலுக்கு மேற்பட்டவை பெரும்பாலும் பெருநிறுவனங்களின் சொத்து. அவற்றைத் தொலைக்காட்சி காத்துக்கொள்ளும். நாம் எடுத்துக்கொண்டவை அரை மைல், கால் மைல் குறுந்தடங்கள். புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர இத்தனை எரிபொருளா என்று கேட்பவன் இந்நூல் கேட்கத் தகாத மாணாக்கன். அவனை முதல் நாளே விலக்குக.

பிறப்பு கூறுதும். ஓவலைக் குதிரைக்காகத்தான் முதலில் வெட்டினார்கள். ஆண்டுக்கொரு முறை வேளாண் பொருட்காட்சி நடக்கும் திடல்களில் குதிரை ஓட ஒரு சுற்றும், ஆள் உட்காரப் படிவரிசையும், காசு கொடுக்காதவனைத் தடுக்க வேலியும் முன்பே இருந்தன. கார் வந்தபோது மூன்றையும் அப்படியே எடுத்துக்கொண்டது. விஸ்கான்சின் மாநிலப் பொருட்காட்சித் திடலின் மில்வாக்கி மைல் 1903இல் கார்ப் பந்தயம் கண்டது; இன்றும் ஓடுகிறது. ஐரோப்பியர் அக்காலத்தில் ஊருக்கு ஊர் பொதுச்சாலையில் பந்தயம் விட்டனர். பார்ப்பவன் கண்ணில் கார் ஒரு நொடி படும், பிறகு புழுதிதான். சீட்டு விற்கவும் வழியில்லை. அமெரிக்கன் உட்கார்ந்த இடத்திலிருந்தே முழுப் பந்தயத்தையும் பார்க்க விரும்பினான். காட்டியவன் அதற்குக் காசு வாங்க விரும்பினான். எனவே ஓவலின் தாய் வேலியே என்பது இவ்வாசிரியன் துணிபு. வேகமே தாய் என்பாரும் உளர். அவர் கணக்குப் புத்தகம் எழுதிப் பழகாதவர்.

தளம் பற்றி ஓவல் பெரும்பாலும் மூவகைப்படும்: மரம், மண், தார். இவற்றுள் மரத்தடம் முற்றும் அழிந்த இனம். 1910இல் லாஸ் ஏஞ்சலஸ் அருகே பிளாயா டெல் ரேயில் தோன்றி, 1920களில் பெருகிற்று; பலகை உளுத்ததால் ஒவ்வொன்றும் சில ஆண்டே வாழ்ந்து, பெருமந்தத்தோடு எல்லாம் மறைந்தன. மேலே கார் பறக்கும்போதே கீழே தச்சர் பலகை மாற்றிய காலம் அது. பெவர்லி ஹில்ஸ் மரத்தடம் 1920இல் பிறந்து 1924இல் முடிந்தது. அந்நிலப்பரப்பில்தான் பின்னர் பெவர்லி வில்ஷயர் ஹோட்டல் எழுந்தது. மனை விலை என்னும் நோய் இக்குலத்துக்கு நூறாண்டுக்கு முன்பே கண்டிருக்கிறது என்பதைக் குறித்துக்கொள்க. பின்னர் வேண்டப்படும்.

மண்தடமே தலையாயது. பிற்பகலில் தண்ணீர் லாரி சுற்றிச் சுற்றிக் களிமண்ணை நனைக்கும். பிறகு பந்தயக் கார்களே மெல்ல உருண்டு அந்த ஈரத்தை அழுத்தும். மாலையில் டயரை விடாமல் பிடிக்கும் நிலம், இரவு முற்ற முற்றத் தேய்ந்து பளபளவென்று வழுக்கும். வெளிவிளிம்பில் மட்டும் சக்கரங்கள் உதறிய மண் வரப்பாகக் குவியும். வரப்பில் பின்சக்கரத்தைச் சாத்தி ஓட்டுபவன் வெல்வான், அல்லது வேலியில் ஏறுவான். காலையில் அளந்து வைத்த கணக்கு எதுவும் இரவில் செல்லாது என்பதால் பொறியியல் பட்டதாரிகள் இந்நிலத்தை வெறுப்பர்.

இந்நிலத்தின் முதல், கரு, உரி என்னும் முப்பொருளும் வருமாறு. பெரும்பொழுது கோடை, சிறுபொழுது மாலையும் யாமமும். தெய்வம், தேசிய கீதத்துக்கு முன் பாதிரியார் ஒலிபெருக்கியில் அழைக்கும் கர்த்தர். உணவு ஹாட் டாக், அதன்மேல் ஓடுதளத்திலிருந்து வந்திறங்கும் களிமண். பறை, அறிவிப்பாளர் தொண்டை. தொழில் வெல்டிங். உரிப்பொருள், மழை வந்துவிடுமோ என்று மேற்கு வானம் பார்த்து இரங்கல். ஊடல் பந்தயம் முடிந்தபின், கார்களைப் பழுதுபார்க்கும் பிட்டில் நிகழும். அதில் ஸ்பானரும் கலந்துகொள்வது உண்டு.

தார்த்தடம் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சுத்தமானது, செலவு மிக்கது, டயர் தின்பது.

ஊர்திகளை வகுக்கப் புகின் ஏடு போதாது. ஸ்ட்ரீட் ஸ்டாக் கடைநிலை. பழைய வீட்டுக் காரின் உள்ளுறுப்புகளைப் பிடுங்கிக் குழாய்க்கூண்டு பொருத்தியது. அதன்மேல் மாடிஃபைடு, லேட் மாடல், மிட்ஜெட் என ஏறி, உச்சியில் ஸ்பிரிண்ட் கார். ஓட்டுநரோடு சேர்த்து ஏறத்தாழ 635 கிலோ. ஆற்றல் ஏறத்தாழ 900 குதிரைத்திறன். தலைக்கு மேல் ஐந்தடிக்கு ஐந்தடி இறக்கை. கிளட்சும் இல்லை, ஸ்டார்ட்டரும் இல்லை. பின்னாலிருந்து ஒரு லாரி தள்ளினால்தான் உயிர் வரும். வலப் பின்சக்கரம் இடப் பின்சக்கரத்தைவிடப் பெரிது; ஆகவே ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தாலும் வண்டி தானாக இடப்பக்கம் போகும். நேராகப் போவதற்கே முயற்சி எடுக்க வேண்டிய ஊர்தி உலகில் இஃதொன்றாகத்தான் இருக்கும்.

இனி மாந்தர் வகை. இதில்தான் நூலின் பொருள் கிடக்கிறது. குறுந்தடத்துக்கு வாயில் இரண்டு. முன்வாயிலில் பார்ப்போர் சீட்டு வாங்குவர். பின்வாயிலில் ஓட்டுநரும், அவர் மனைவியும், மைத்துனனும், டயர் உருட்ட வந்த சித்தப்பாவும், சும்மா நிற்க வந்த பக்கத்து வீட்டுப் பையனும் முன்வாயிலைவிடக் கூடுதல் விலை கொடுத்து உள்ளே போவர். பின்வாயில் வரவு பரிசுத்தொகையை அடைக்கும். முன்வாயில் வரவு காப்பீட்டையும் மின்கட்டணத்தையும் அடைக்கும். பர்கரும் பீரும் விற்ற காசுதான் லாபம். இது நல்ல நாளின் கணக்கு. மழை நாளுக்குக் கணக்கே இல்லை. அதாவது, இந்தக் கேளிக்கைக்குப் பாதிச் செலவைச் செய்பவர்கள் கேளிக்கை காட்டுபவர்களே. நம்மூர் நாடகக் கம்பெனி எதற்கும் இந்த யோசனை தோன்றியதில்லை.

முன்வாயில் கூட்டமும் அயலார் கூட்டமன்று. ஓட்டுபவன் ஊர் மெக்கானிக். பார்ப்பவன் அவனிடம் பிரேக் சரிசெய்தவன். பிரேக் சரியாகாததால் அவன் தோற்பதைப் பார்க்க வந்தவனும் அதே வரிசையில் இருப்பான். எனவே ஊரில் காரைத் தானே பிரித்து மாட்டுபவன் குறையும்போது பின்வாயில் முதலில் இளைக்கும். அவனைத் தெரிந்தவர்கள் வராததால் முன்வாயில் அடுத்து இளைக்கும். பின்சக்கரத்தால் ஓடும், தனிச் சட்டகம் கொண்ட பழைய கார்களே இந்த விளையாட்டுக்கு ஏற்றவை. ஜெனரல் மோட்டார்ஸ் 1978 முதல் 1988 வரை செய்த நடுத்தரக் கார்களின் சட்டகத்தை நம்பித்தான் பல தடங்களின் கீழ்வகுப்புகள் பிழைத்தன. அவை காயலான் கடையில் தேய்ந்து தீர்கின்றன. இன்றைய கார் முன்சக்கரத்தால் ஓடுவது, உடலே சட்டகமானது, கணினி நிறைந்தது. அதைச் சுத்தியலால் திருத்த முடியாது. ஆக, சனிக்கிழமை இரவுக்குச் சட்டகம் வாங்கவும் காசு வேண்டும் என்றாகிவிட்டது.

சாவு நான்கு வகைத்து. முதலாவது மனைச்சாவு. பென்சில்வேனியாவின் லாங்ஹார்ன் 1926இல் பிறந்த ஒரு மைல் தடம். பெயருக்குக்கூட நேர்ப்பகுதி இல்லாத முழுவட்டம், ஓட்டுநர் சக்கரத்தை நிமிர்த்தவே வாய்ப்பில்லை. 1971இல் மூடி வணிக வளாகமாயிற்று. கலிபோர்னியாவின் அஸ்காட் பார்க், 1957 முதல் 1990 வரை அரை மைல் மண்ணில் அந்தப் பக்கத்து இளைஞர் அனைவரையும் வளர்த்தது. அலுவலகங்கள் வரும் என்றார்கள், வரவில்லை. கடைசியில் கார் ஏலக்களமாயிற்று. ஓட வேண்டிய கார்கள் அங்கே வரிசையாக நிற்கின்றன. அதே மாநிலத்து இர்விண்டேல் 1999இல் திறந்து 2024 டிசம்பரில் மூடிற்று. ஃபான்டானா நகரின் இரண்டு மைல் பெருந்தடமே 2023இல் கடைசிப் பந்தயம் கண்டு, நிலத்தின் பெரும்பகுதி கிடங்குகளுக்குப் போயிற்று. பெருந்தடமும் தப்பவில்லையே, முதலில் சொன்னது பொய்க்காதோ எனின், தொலைக்காட்சி பந்தயத்தைக் காக்கும், நிலத்தைக் காக்காது என்க.

இரண்டாவது ஒலிச்சாவு. சோளக்காட்டு நடுவே தடம் இருக்கும். நாற்பது ஆண்டு கழித்துச் சோளக்காடு வீட்டுமனையாகும். அமைதியை விரும்பி வீடு வாங்கியவர் முதல் சனிக்கிழமை இரவு நகராட்சிக்கு எழுதுவார். தடம் முன்பே இருந்ததே என்றால், அதை விலையில் கழித்துத்தானே வாங்கினார் என்றால், வழக்கு அந்த நியாயத்தோடு நடப்பதில்லை. வீட்டுக்காரருக்கு வாக்கு உண்டு, தடத்துக்கு இல்லை. மூன்றாவது வாரிசின்மைச் சாவு: நடத்தியவருக்கு வயது எழுபது, மகளுக்கு நகரத்தில் வேலை. இதற்கு விளக்கம் வேண்டாம்.

நான்காவது தேதிச்சாவு, மிகவும் நுட்பமானது. வட கரோலினாவின் நார்த் வில்க்ஸ்போரோ 1947இல் திறந்த, மைலில் எட்டில் ஐந்து பங்குத் தடம். முன்நேர்ப்பாதை இறக்கம், பின்நேர்ப்பாதை ஏற்றம். அமெரிக்கக் கார்ப் பந்தய அமைப்பான நாஸ்காரின் முதன்மைப் பந்தயம் ஆண்டுக்கு இருமுறை அங்கே நடந்தது. 1990களில் இரு பெருந்தட முதலாளிகள் ஆளுக்குப் பாதியாக அதை வாங்கினர். அவர்களுக்கு வேண்டியது தடமன்று, நாட்காட்டியில் அதற்கிருந்த இரு தேதிகள். 1996 செப்டம்பரில் கடைசியாக ஓடிற்று. ஒரு தேதி டெக்சாசுக்கும் ஒன்று நியூ ஹாம்ப்ஷையருக்கும் போயின. இடையே சிறிது காலம் திறந்து மூடியது தவிர, புல்லும் செடியும் ஏறிக் கிடந்தது. 2019இல் நாஸ்கார் ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் ஜூனியர் முன்னின்று களை எடுப்பித்தார்; அதில் கார் விட அல்ல, லேசர் கொண்டு அளந்து கணினி விளையாட்டில் ஏற்ற. தடம் முதலில் திரையில் உயிர்த்தது. அங்கே ஓட்டியவர்கள் நிலத்திலும் கேட்டார்கள். கொரோனா நிவாரண நிதியிலிருந்து மாநில அரசு 1.8 கோடி டாலர் ஒதுக்க, 2023 மே மாதம் நாஸ்கார் திரும்பி வந்தது. செத்தபின் கணினிக்குப் போய் அங்கிருந்து திரும்பியது இக்குலத்தில் இது ஒன்றே. இதற்கு ஐந்தாவதாக ஒரு வகை அமைக்கலாமா எனின், ஒரே சான்றுக்கு வகை அமைத்தல் நூலோர்க்கு இழுக்கு என விடுக.

ஓவல் மெலிந்தது சுவை மாறியதால் என்பாரை இனி மறுப்பாம். அவர் காட்டும் சான்று இவை. ஃபார்முலா ஒன் பந்தயத்தை அமெரிக்க நிறுவனமான லிபர்ட்டி மீடியா 2017இல் வாங்கியது; 2019இல் அதைப் பற்றி நெட்ஃபிளிக்ஸ் தொடர் வந்தது; 2023 முதல் ஆஸ்டின், மயாமி, லாஸ் வேகாஸ் என அமெரிக்காவிலேயே மூன்று பந்தயங்கள். அதன் ரசிகன் ஓட்டுநரின் மனக்குமுறலையும் அணித்தலைவரின் முகச்சுளிப்பையும் அறிவான். பந்தயத்தில் யாரும் யாரையும் முந்தாவிட்டாலும் குறையாகக் கொள்ளான். நாஸ்காரும் 2023இல் சிகாகோ தெருவில் ஓடிற்று. வலமும் இடமும் திரும்பி வளர்ந்த நியூசிலாந்துக்காரர் ஷேன் வான் கிஸ்பெர்கன், தம் முதல் நாஸ்கார் பந்தயத்திலேயே அங்கே வென்றார். அறிமுகத்தில் வென்றவர் 1963க்குப் பின் அவரே. இர்விண்டேல் தடத்துக்கோ புகழ் தந்தது டிரிஃப்டிங். யார் முன்னே என்பதைவிட யார் அழகாகச் சறுக்கினார் என்று நடுவர் மதிப்பெண் போடும் பரதநாட்டியப் போட்டி. இன்னும் பழைய சுவை, மோதி உடைத்தல்: நியூயார்க்கின் ஐஸ்லிப் தடத்தில் 1958இல் லாரி மெண்டல்சன் தொடங்கியதாகச் சொல்லப்படும் டெமாலிஷன் டெர்பி. பந்தயத்தைவிட விபத்தையே கூட்டம் விரும்புகிறது என்று கண்டு, இடையில் இருந்த பந்தயத்தை நீக்கிவிட்டார். ஆராய்ச்சி மனம் என்றால் அது.

இத்தனை சுவைகளும் ஓவலை வெறுத்துப் பிறந்தவை அல்ல. அயோவாவின் நாக்ஸ்வில் தடத்தில் 1961 முதல் ஸ்பிரிண்ட் கார் நேஷனல்ஸ் நடக்கிறது. ஓக்லஹோமாவின் துல்சாவில் 1987 முதல் ஜனவரிக் குளிரில் கூரைக்கடியில் களிமண் கொட்டி மிட்ஜெட் கார்கள் ஓடுகின்றன. இரண்டுக்கும் நாடெங்கிலுமிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருகிறார்கள். வர முடியாதவர் கைப்பேசியில் காசு கட்டிப் பார்க்கிறார். அன்றிரவு தம் ஊர்த் தடத்துக்கு அவர் போவதில்லை. வாரச்சந்தை மெலிந்து தேர்த்திருவிழா பெருத்தது, அவ்வளவே. அமெரிக்கனுக்கு ஓவல் அலுக்கவில்லை. ஒவ்வொரு வாரமும் அலுத்துவிட்டது.

புறனடை: வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலம் நகரின் போமன் கிரே ஸ்டேடியம் மேற்கூறிய எவ்விதிக்கும் அடங்காது. அமெரிக்கக் கால்பந்துத் திடலைச் சுற்றிக் கால் மைல் தார்; 1949 முதல் நாஸ்கார் வாராந்திரப் பந்தயம்; கோடைச் சனிக்கிழமைகளில் ஆயிரக்கணக்கானோர் இன்றும் வருகின்றனர். நிலம் நகராட்சியுடையது, ஆதலால் மனைச்சாவு அணுகவில்லை. தடம் மிகக் குறுகல், ஆதலால் முந்த வேண்டுமெனில் இடிக்க வேண்டும். இடிபட்டவன் அடுத்த சனிக்கிழமை வந்தே தீருவான், அவன் வருவதைப் பார்க்க ஊரும் வரும். வாரம் என்னும் பழக்கத்தைக் காக்கவல்லது பகையே போலும். பிற தடங்கள் குழந்தைகளுக்குக் காற்றடைத்த கோட்டை வைத்துப் பார்க்கின்றன.

மேற்சொன்ன தேர்த்திருவிழாவின் வளத்துக்கு ஒரு சான்று தருதும். ஓஹியோவின் எல்டோரா, ஏர்ல் பால்ட்ஸ் 1954இல் திறந்த அரை மைல் களிமண். 2004இல் நாஸ்கார் ஓட்டுநர் டோனி ஸ்டூவர்ட் வாங்கினார். அங்கே 2022இல் லேட் மாடல் பந்தயம் ஒன்றில் வென்றவருக்கு 10,02,022 டாலர் கொடுத்தார்கள். மறு ஆண்டு ஸ்பிரிண்ட் காருக்கு 10,02,023 டாலர். ஆண்டுக்கு ஒரு டாலர் ஏற்றம். ஊர்த் தடங்களில் வாரந்தோறும் ஓடுபவன் பரிசும் ஏறத்தாழ இதே வேகத்தில்தான் ஏறிவருகிறது. அவனுக்கு முதலில் உள்ள பத்து லட்சம் மட்டும் இல்லை.