மாடிசன் என்று ஒரு பெயரா?

1984-ல் வெளிவந்த ‘ஸ்பிளாஷ்’ படத்தின் கதாநாயகி ஒரு கடற்கன்னி. நியூயார்க்குக்கு வந்து, ஒரு கடையிலிருந்த டி.வி.க்களைப் பார்த்தே ஒரே நாளில் ஆங்கிலம் பேசக் கற்றுக்கொள்கிறாள். உன் பெயர் என்ன என்று காதலன் கேட்கிறான். ஆங்கிலத்தில் சொல்ல வராது என்கிறாள். உன் பாஷையிலேயே சொல்லேன் என்கிறான். அவளும் சொல்கிறாள். கடையிலிருந்த டி.வி. கண்ணாடிகள் அத்தனையும் தூள் தூள். கட்டிக்கொள்ளப் போகிறவளை ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் கண்ணாடிக்குத் தண்டம் அழ முடியுமா?

ஆகவே தெருவில் நடந்தபடியே அவளுக்கு ஓர் ஆங்கிலப் பெயர் தேடுகிறார்கள். ஜெனிஃபர், லிண்டா என்று ஊரறிந்த பெயர்களாக அடுக்குகிறார் காதலனாக வரும் டாம் ஹாங்க்ஸ். நடுவில், எங்கே நிற்கிறோம் என்று தெருப்பலகையைப் பார்த்து ‘மாடிசன்’ என்று வாசிக்கிறார். அதுதான் பிடித்திருக்கிறது என்கிறாள் கடற்கன்னி. அது பெயரே இல்லையே என்று இழுத்தவர், சரி இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறார். நல்லவேளை, 149-ஆம் தெருவில் நிற்கவில்லை என்று தன்னைத் தானே தேற்றிக்கொள்ளவும் செய்கிறார்.

அன்றைய அமெரிக்கருக்கு இது நல்ல நகைச்சுவை. மாடிசன் என்றால் நாட்டின் நான்காவது ஜனாதிபதி ஜேம்ஸ் மாடிசன், 1836-ல் காலமானவர். அவர் பெயரில் விஸ்கான்சின் மாநிலத்துக்கு ஒரு தலைநகரம் உண்டு. விளம்பரக் கம்பெனிகளுக்குப் பேர்போன அந்த நியூயார்க் வீதியும் அவர் பெயரில்தான் இருக்கிறது. 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் சில ஆண் குழந்தைகளுக்கும் வைத்தார்கள். பெண் குழந்தைக்கு? அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் ஆண்டுதோறும் தொகுக்கும் முதல் 1,000 பெண் பெயர்களில், படம் வந்த ஆண்டு வரை மாடிசனுக்கு இடமே இல்லை.

1985-ல் 628-ஆம் இடம். 1990-ல் 216. 1997-ல் முதல் பத்துக்குள். 2001-ல் எமிலிக்கு அடுத்தபடியாக நாட்டிலேயே இரண்டாம் இடம்; அந்த ஒரு வருஷத்தில் மட்டும் 22,000-க்கும் அதிகமான பெண் குழந்தைகள் மாடிசன் ஆனார்கள்.

இத்தனை பெற்றோரும் கடற்கன்னியை மனதில் வைத்துப் பெயர் சூட்டினார்கள் என்று சொன்னால் அது அநியாயம். படம் கதவைத் திறந்துவிட்டது, அவ்வளவுதான். குடும்பப் பெயர்களைப் பெண் குழந்தைகளின் முதற்பெயராக்கும் மோகம் அப்போது வளர்ந்துகொண்டிருந்தது. டெய்லர், ஆஷ்லி எல்லாம் அந்த வழியாக வந்து முன்வரிசையில் உட்கார்ந்தவைதாம். ஆலிசன் ஏற்கெனவே பழகிய பெயர் என்பதால் மாடிசன் காதுக்கு உறுத்தவில்லை. வீட்டில் ‘மாடி’ என்று செல்லமாகச் சுருக்கவும் வசதி. பிறகென்ன, பழைய பெயரின் ஓசையும் புதுப் பெயரின் மினுக்கும் ஒன்றாகக் கிடைக்கும்போது யார்தான் விடுவார்கள்!

கற்பனைப் பாத்திரம் இப்படி வேலை காட்டியது இது முதல் தடவையல்ல. ஷெர்லி என்பது ஒரு காலத்தில் ஆண் பெயர். 1849-ல் சார்லட் பிராண்டி எழுதிய ‘ஷெர்லி’ நாவலின் நாயகிக்கு அந்தப் பெயர் வந்ததே, மகன் பிறப்பான் என்று பெற்றோர் எடுத்துவைத்திருந்த பெயர் வீணாகக் கூடாது என்றுதான். 1930-களில் குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிள் சுருட்டை முடியோடு வந்து ஆடிப் பாடிய பிறகு, அமெரிக்காவில் ஷெர்லிகள் பெருகினார்கள். இன்று ஆண் ஷெர்லியைத் தேடிப் பிடிப்பதுதான் கஷ்டம். ஆனாலும் நாவலாசிரியர் கிண்டல் செய்து அதை வைக்கவில்லை. மாடிசனின் பெருமையே வேறு: ‘இது பெயரில்லை’ என்ற ஒரே காரணத்துக்காகச் சொல்லப்பட்ட ஜோக் அது. அந்த ஜோக்கை 22,000 தொட்டில்கள் சேர்ந்து கொன்றுவிட்டன. வகுப்பில் பக்கத்து பெஞ்சிலேயே ஒரு மாடிசன் இருந்த பிள்ளைகளுக்கு, டாம் ஹாங்க்ஸ் ஏன் தயங்குகிறார் என்பதே விளங்காது.

இதில் மைக்கேல் ஷேக்கல்ஃபோர்டையும் சொல்லியாக வேண்டும். சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தில் காப்பீட்டுக் கணிப்பாளராக (ஆக்சுவரி) இருந்தவர். தெருவுக்கு நாலு மைக்கேல் இருந்த காலத்தில் மைக்கேலாக வளர்ந்த சலிப்பு அவருக்கு. தமக்குப் பிறக்கப் போகும் குழந்தைக்கும் அந்தக் கதி வரக்கூடாது என்று, எந்தப் பெயர்கள் மலிந்துகிடக்கின்றன என அலுவலகக் கணினியைக் கேட்டார். கிடைத்ததை 1997-ல் ஊருக்கும் வெளியிட்டார். இந்த வழியில் போகாதீர்கள் என்று எச்சரிக்கத்தான் பட்டியல். மாடிசன் முதல் பத்துக்குள் நுழைந்ததும் அதே 1997-ல்தான். பின்னாளில் ஷேக்கல்ஃபோர்டு சூதாட்டக் கணக்குகளைப் பிரித்து மேய்வதில் பேர்வாங்கினார். பெற்றோரைக் கணிப்பதைவிடப் பகடையைக் கணிப்பது சுலபம் என்று தோன்றியிருக்கலாம்.

2015-ல் மாடிசன் முதல் பத்திலிருந்து கீழே இறங்கிவிட்டது. அதற்கு முன்பே, பெயரும் வேண்டும், கூட்டத்தோடு சேரவும் கூடாது என்று நினைத்த பெற்றோர் எழுத்தில் கை வைத்திருந்தார்கள். நம்மூர் எண் கணித ஜோதிடரின் தலையீடு எதுவும் இல்லாமலே, ஒரு ‘டி’யைக் கூட்டி ஒரு மாடிசன், ‘ஐ’ இருந்த இடத்தில் ‘ஒய்’ போட்டு ஒன்று, ‘ஓ’வைத் தூக்கிவிட்டு ‘ஒய்’ நுழைத்து மற்றொன்று. எல்லாமே முதல் ஆயிரத்துக்குள் தலைகாட்டின. ஆசிரியை கூப்பிட்டால் அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். வாயில் எல்லாம் ஒன்றுதானே! அப்பாவும் அம்மாவும் தனித்துவம் தேடிய பலன், அந்தப் பெண் எந்த கவுன்ட்டரில் போய் நின்றாலும் முதல் வேலையாக, “இல்லைங்க, ஐ இல்லை, ஒய்… முதலில் இல்லை, கடைசியில்” என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.