மாலத்தீவு வாத்தியார்

நாகரசம்பட்டியில் மொட்டை மாடிக்கு மேலே கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் வீடுகள் பல உண்டு. ஒன்று ஓசூர் கம்பெனிக்காரர் வீடாக இருக்கும். இன்னொன்று கூழ் ஃபேக்டரிக்குப் பெங்களூரா மாங்காய் லோடு அடிப்பவருடையதாக இருக்கும். கேட்டில் எம்.ஏ., பி.எட். என்று பித்தளைப் போர்டு மாட்டியிருந்து, போர்டுக்குரியவர் மட்டும் வீட்டில் இல்லை என்றால் அது மாலத்தீவு வாத்தியார் வீடு.

இவருக்கு முந்தின தலைமுறையில் எத்தியோப்பியா வாத்தியார்கள் இருந்தார்கள். திரும்பி வந்து, கண்மூடும்வரை ஹெய்லி செலாசி பேரரசரைப் பற்றிப் பேசினார்கள். மாலத்தீவு வாத்தியாருக்குப் பேச ராஜா யாரும் இல்லை. அவர் டாலரைப் பற்றிப் பேசுவார். சம்பளம் ரூஃபியாவில். டாலருக்குப் பதினஞ்சரை ரூஃபியா என்று அரசாங்கம் சொல்லும். அந்த விலைக்கு டாலர் கேட்டுப் போனால் கிடைக்காது. ஆகவே அங்கே இரண்டு நம்மூர் வாத்தியார்கள் எதிரெதிரே வந்தால் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுக்கொள்வதில்லை. "கிடைச்சுதா?" என்றுதான் கேட்டுக்கொள்கிறார்கள்.

போவதற்கு முன்பு அவர் பக்கத்து ஊர் மெட்ரிக் பள்ளியில் பாஸிவ் வாய்ஸ் நடத்திக்கொண்டிருந்தவர். 2013இல் டெட் தேர்வில் தேறினார். போஸ்டிங் வரும் வரும் என்று இருந்தார். இதற்குள் போச்சம்பள்ளி சிப்காட்டில் ஓலா ஸ்கூட்டர் ஃபேக்டரி வந்தது. அவரிடம் ஒன்பதாம் வகுப்பில் இரண்டு தடவை இங்கிலீஷில் கோட்டை விட்ட பெண் ஒருத்தி அங்கே வேலைக்குச் சேர்ந்து, ஒரு நாள் புது வண்டியில் வந்து இறங்கி, "சார், எங்கேயாவது ட்ராப் பண்ணட்டுமா?" என்றாள். அன்று ராத்திரிதான் ஏஜென்டுக்குப் போன் போட்டார்.

ஃப்ளைட் பெங்களூரிலிருந்து. பெட்டியில் சட்டை நாலு, மீதியெல்லாம் கேழ்வரகு மாவு, கொள்ளு, புளி, மாங்காய் ஊறுகாய். குறுக்குவாட்டில் ஒரு களித் துடுப்பு. மாலே விமான நிலையத்தில் சுங்கக்காரர் அதை வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். பரம்பரையாகப் படகோட்டும் ஜனம். இவ்வளவு சின்னப் படகு எந்த ஊரில் ஓடுகிறது என்று அவருக்குப் பிடிபடவில்லை.

மாலத்தீவில் சுமார் 1,200 தீவுகள். குடிமக்கள் வாழ்வது அதில் 200க்கும் குறைவு. வாத்தியாருக்குக் கிடைத்த தீவை ஒரு பீடி அணைவதற்குள் குறுக்கே நடந்து கடந்துவிடலாம். அந்த நாட்டிலேயே மிக உயரமான இடம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் ஐந்து மீட்டர்தான். கிருஷ்ணகிரிப் பாறைகளைப் பார்த்து வளர்ந்த அவருடைய அம்மா போனில் முதலில் கேட்டதே, "அலை வந்தா எதுமேலடா ஏறுவே?" என்பதுதான். சுனாமி 2004இல் அங்கேயும் வந்துவிட்டுத்தான் போயிருந்தது. "ஸ்கூலுக்கு மாடி இருக்கும்மா" என்று சமாளித்தார்.

முதல் வாரம் தூக்கம் இல்லை. காரணம் கடல் இரைச்சல் அல்ல, நாய் குரைக்காததுதான். அந்த நாட்டில் நாய் வளர்க்கவே அனுமதி கிடையாது. தெருநாய் ஊளையிடாத ராத்திரி அவருக்குத் துக்க வீட்டு ராத்திரி மாதிரி இருந்ததாம்.

சாப்பாட்டுக்கு மீன். காலையில் சூரையைத் தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாயோடு பிசைந்து மாஸ் ஹுனி. மத்தியானம் அதே சூரை குழம்பில். சாயங்காலம் அதே சூரை பலகாரத்துக்குள் ஒளிந்துகொண்டு. மீன் என்றால் கே.ஆர்.பி. அணைக்குப் போகிற அன்று சுடச்சுட ஒரு ஜிலேபி வறுவல் என்று இருந்தவர் அவர். ஆட்டுக்கறிக்கு ஏங்கினார். அந்த ஏக்கத்தைத் தீர்த்துக்கொள்ள அவர் கண்டுபிடித்த வழியைச் சொல்லத்தான் வேண்டும்.

அங்கே வெள்ளியும் சனியும் லீவு. ஞாயிறு ஸ்கூல் உண்டு. ஞாயிறுதான் போச்சம்பள்ளிச் சந்தை. இடைவேளை மணி அடித்ததும் வாத்தியார் ஒரு தென்னை மரத்தடியில் நின்று வீடியோ கால் போடுவார். சந்தைக்குள் நிற்கும் மனைவி போனைத் தூக்கிப் பிடிப்பார்.

"கேமராவைத் திருப்பும்மா. அது இல்ல, அந்தக் கறுப்புக் கிடா. பல்லைக் காட்டச் சொல்லு."

"யாருங்க அது போன்ல?" என்பார் ஆட்டுக்காரர்.

"எங்க வூட்டுக்காரருங்க. மாலத்தீவுல இங்கிலீஷ் வாத்தியாரு."

கிடா அந்த நொடியே ஆயிரம் ரூபாய் ஏறிவிடும். "அதைச் சொல்லாதேன்னு எத்தனை தடவை சொல்றது!" என்று வாத்தியார் கத்துவார். ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் ஜன்னலில் தொங்கிக்கொண்டு, சார் ஏதோ அவசர வங்கி விவகாரம் பேசுகிறார் என்று மரியாதையாகப் பார்ப்பார்கள். கறி வீட்டார் சாப்பிடுவார்கள். பேரம் பேசிய திருப்தி அவருக்கு.

பாடம் எப்படிப் போகிறது என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். பையன்கள் யூடியூபில் கற்ற இங்கிலீஷை அமெரிக்க மூக்கோடு பேசுகிறார்கள். "சார், உங்க உச்சரிப்பு எந்த நாட்டுது?" என்று ஒருவன் கேட்டதற்கு, "பழைய பிரிட்டிஷ்" என்று சொல்லி வைத்திருக்கிறார். பெரிய தொல்லை அதுவல்ல. தீவில் எல்லாரும் இந்திப் படம் பார்த்து இந்தி பேசுகிறார்கள். இந்தியாவிலிருந்து வந்தவருக்கு அது தெரியாது என்றால் நம்ப மறுக்கிறார்கள். தமிழ் தாய்மொழி, கடைத்தெருவில் தெலுங்கு, ஓசூர் தாண்டினால் கன்னடம் என்று மூன்றை வைத்துக் காலம் தள்ளியவர், நாலாவதாக இந்தியை மாலத்தீவுப் பிள்ளைகளிடம் கற்றுக்கொண்டார். இந்தச் சேதி நாகரசம்பட்டிக்கு இன்னும் தெரியாது.

லீவில் வந்தால் ஊரார் கேட்கும் முதல் கேள்வி, "நடிகைங்க எல்லாம் அங்கதான் வர்றாங்களாமே, யாரைப் பார்த்தீங்க?" கடலுக்கு மேல் குடில் கட்டிய அந்த ரிசார்ட்டுகளுக்குத் தனித்தனித் தீவு. பெரிய ரிசார்ட்டில் ஒரு ராத்திரித் தங்கலுக்கு வாத்தியாரின் மாதச் சம்பளம் பத்தாது. இதைச் சொன்னால் கௌரவம் போய்விடும். "தூரத்துலேர்ந்து பார்த்தேன். ஹேட் போட்டிருந்தாங்க" என்று முடித்துக்கொள்வார். பிறகு ஆளுக்கு ஒரு சூரை டின்னைக் கொடுத்துவிட்டு, "இந்த வருஷத்தோட முடிச்சுக்கலாம்னு இருக்கேன்" என்பார். வருஷா வருஷம் இதைச் சொல்லித்தான் முதல் மாடி எழும்பியது. இரண்டாவதும் இதைச் சொல்லித்தான் எழும்பும்.

போன லீவில் பி.எட். முடித்த பக்கத்துத் தெருப் பையன் ஆலோசனை கேட்டு வந்தான். வாத்தியார் டாலரையும் சூரையையும் தனிமையையும் அரை மணி நேரம் எடுத்துச் சொன்னார். பையன் அசையவில்லை. மனம் இளகி, ஏஜென்ட் நம்பரை எழுதப் பேனாவை எடுத்தார்.

"உனக்கு மேத்ஸ்தானே?"

"இங்கிலீஷ் சார்."

பேனாவை மூடி பாக்கெட்டில் வைத்தார். "கொரியா ட்ரை பண்ணேன் தம்பி. குட்டிங்க எல்லாம் கொரியா சீரியல்தானே பார்க்குதுங்க."

"அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா. இந்த ஏழு நாட்டு ஆளுங்களைத்தான் அங்க இங்கிலீஷுக்கு எடுப்பாங்களாம் சார்."

"அது பொது விதி. நமக்கும் கொரியாவுக்கும் 2010லேர்ந்து ஒரு ஒப்பந்தம் இருக்கு. இங்கிலீஷ்ல டீச்சிங் சர்டிஃபிகேட் வெச்சிருந்தா ஸ்கூல்ல உதவி ஆசிரியரா எடுக்கலாம். உனக்குன்னே போட்ட மாதிரி இருக்கு."

"அப்ப நீங்க ஏன் சார் போகல?"

"எனக்குக் குளிர் ஒத்துக்காதுப்பா. அதோட நான்தான் இந்த வருஷத்தோட முடிச்சுக்கப் போறேனே."

"அப்படின்னா உங்க போஸ்ட்டு காலியாகுமில்ல சார்?"

"தம்பிக்கு ஒரு டீ போடும்மா" என்று வீட்டுக்குள் பார்த்துக் குரல் கொடுத்தார் வாத்தியார்.